இருபத்தாறாவது நாற்காலி: பேஸ்பால் கேள்வி–பதில்

மாசி பிறக்கும் வாரத்தை ஒட்டித்தான் அமெரிக்க பேஸ்பால் அணிகளின் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவர்கள்) பயிற்சி முகாமுக்கு வந்து சேர்வது வழக்கம். சென்ற இதழில் அதைப் பற்றிப் போகிற போக்கில் நான் எழுதிய நான்கு வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மகள் சியாட்டில் நகரத்துக்கு அருகே குடியிருப்பதால் ஆண்டில் சில மாதங்கள் அங்கே தங்க நேர்ந்து, பொழுது போகாமல் பார்க்கத் தொடங்கிய ஆட்டம் இது. ஆகவே என் பதில்களில் சியாட்டில் மரினர்ஸ் அணியின் பக்கம் ஒரு சாய்வு இருக்கும்; அதைக் கழித்துக்கொண்டு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் மாதம் முழுவதும் நடக்கும் பயிற்சி ஆட்டங்களின் வெற்றி தோல்வி எந்தக் கணக்கிலும் சேராது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். கணக்கில் சேராத ஆட்டத்தை நள்ளிரவில் விழித்திருந்து பார்ப்பானேன்? — வாசகர், பெரம்பூர்

ரஞ்சிப் பருவம் தொடங்கும் முன் நம் மாநிலத்தில் புச்சிபாபு கோப்பை ஆட்டங்கள் நடக்கின்றன அல்லவா? அங்கே கோப்பையை யார் வென்றார்கள் என்பது ஒரு மாதத்தில் மறந்துவிடும். ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வெளியே போகும் பந்தை எவ்வளவு நிதானமாக விட்டான் என்பதைப் பார்த்தவர் மறப்பதில்லை. பேஸ்பாலின் வசந்தகாலப் பயிற்சியும் ஏறத்தாழ அப்படிப்பட்டதுதான், ஒரே ஒரு வேறுபாட்டுடன்: அங்கே மறப்பதற்குக் கோப்பைகூடக் கிடையாது.

மொத்தமுள்ள 30 அணிகளில் 15 ஃபுளோரிடாவிலும் 15 அரிசோனாவிலும் முகாமிடுகின்றன. முன்னதை கிரேப்ஃப்ரூட் லீக் என்பார்கள், நம் பம்பளிமாசுக்கு உறவான பழத்தின் பெயரால். பின்னதைக் கேக்டஸ் லீக் என்பார்கள், பாலைவனத்துக் கள்ளியின் பெயரால். ஃபுளோரிடாவில் பகல் 1.05-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 11.35-க்கு வரும், மார்ச் இரண்டாம் வாரத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளிய பிறகு 10.35-க்கே வந்துவிடும். அரிசோனா அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. அங்கே பகல் 1.10 என்றால் இங்கே எப்போதும் விடியாத 1.40தான், மரினர்ஸ் முகாமிடுவதோ அரிசோனாவின் பியோரியாவில். என் தூக்கம் கெடுவதற்கு முழுமுதற் காரணம் இதுவே.

மார்ச் மாதத்து எண்களை நம்பக் கூடாது என்பதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு ஷோஹெய் ஒட்டானி. 2018-ல் ஜப்பானிலிருந்து வந்து ஏஞ்சல்ஸ் அணியின் முகாமில் சேர்ந்தபோது அவர் 32 முறை மட்டை பிடித்து நான்கே நான்கு முறைதான் வெற்றிகரமாக அடித்தார். பந்து வீசியதிலும், ஒன்பது இன்னிங்சுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, 27 ரன் என்ற சராசரியில் வாரிக் கொடுத்திருந்தார். மைனர் லீக்கில், அதாவது கீழ்நிலை அணிகளில், போய்ப் பழகிவிட்டு வரட்டும் என்று கற்றறிந்தவர்களே எழுதினார்கள். முகாம் முடியும் தறுவாயில் அவர், பந்து வரும்போது முன்காலைத் தூக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, குதிகாலை மட்டும் லேசாக அசைக்கும் முறைக்கு மாறினார். அந்த ஆண்டு முடிவில், இரு லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் அவர்தான்.

எண்கள் ஏன் பொய் சொல்கின்றன என்றால், ஆடுபவர்கள் எல்லோரும் ஒரே ஆட்டத்தை ஆடுவதில்லை. அனுபவமுள்ள பிட்சர் ஒருவர் புதிதாகக் கற்ற ஒரு பந்தை மட்டுமே திரும்பத் திரும்ப வீசிப் பார்த்துக்கொண்டிருப்பார். அடி வாங்குவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து வளைய வேண்டிய அளவுக்கு வளையாது. ஐந்தாவது இன்னிங்சுக்குப் பிறகு பெரிய வீரர்கள் குளித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட, எண்பதும் தொண்ணூறும் எண்ணிட்ட சட்டைகளில் பெயர் தெரியாத பிள்ளைகள் மைதானத்தை நிரப்புவார்கள். நான் விழித்திருப்பது அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். ஏழாவது இன்னிங்சில் யாரை உள்ளே அனுப்புகிறார்கள், ஒரே ஆளை இரண்டு மூன்று இடங்களில் நிறுத்திப் பார்க்கிறார்களா, தோள் காயத்திலிருந்து மீண்டவரின் வேகம் மூன்றாவது முறை வீசும்போதும் குறையாமல் இருக்கிறதா என்பவையே என் அக்கறை. பிறகு, இன்றைக்கு முகாமிலிருந்து இன்னின்னாரை அனுப்பிவிட்டோம் என்று அணி வெளியிடும் இரண்டு வரி அறிவிப்பு இருக்கிறது. மார்ச் மாதத்தின் உண்மையான ஸ்கோர் அதுதான்.

முகாமுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள், கடைசியில் 26 பேர்தான் மிஞ்சுகிறார்கள் என்றால் மற்றவர்களின் கதி என்ன? எளிதாகச் சொல்ல முடியுமா? — வாசகி, மந்தைவெளி

கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியில் 26 இலை. இவர்கள்தாம் அன்றாடம் ஆட்டத்துக்கு வந்து உட்காருபவர்கள். செப்டம்பரில் மட்டும் இரண்டு இலை கூடும். இவர்களையும் சேர்த்து மொத்தம் 40 பேருக்குப் பெயர் எழுதி இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அவர்களை வேறு வீட்டார் கையைப் பிடித்து இழுத்துப் போக முடியாது. மிச்சமுள்ளோர் அழைப்பின் பேரில் வந்தவர்கள், இலை ஒதுக்கப்படாதவர்கள். யாராவது எழுந்தால் உட்காரலாம் என்று நின்றுகொண்டிருப்பவர்கள். முதுகு பிடித்துப்போன முப்பத்தைந்து வயதுக்காரரும் அதில் உண்டு, அடுத்த ஆண்டு நாடே கொண்டாடப்போகும் இளைஞரும் உண்டு.

நாற்பதுக்குள் இருந்து இருபத்தாறுக்குள் வராதவரை மைனர் லீக்குக்கு அனுப்பலாம். அதற்கு ‘ஆப்ஷன்’ என்று பெயர். ஒரு பருவத்தில் மொத்தம் இருபது நாளுக்குக் குறையாமல் அங்கே வைத்திருந்தால் ஓர் ஆப்ஷன் ஆண்டு செலவாகும். ஒருவருக்கு அப்படிப் பொதுவாக மூன்று ஆண்டுகள்தாம் உண்டு. ஒரே பருவத்தில் ஒருவரை ஐந்து முறைக்கு மேல் அனுப்பக் கூடாது என்று 2022-ல் கட்டுப்பாடு விதித்தார்கள். அதற்கு முன்பு, கிணற்று வாளியைப் போல மேலும் கீழும் இறக்கியேற்றப்பட்ட பிட்சர்கள் ஏராளம்.

மூன்று ஆண்டுகளும் தீர்ந்த பிறகு அவரை அனுப்ப வேண்டுமென்றால், மற்ற 29 அணிகளும் ‘எனக்கு வேண்டும்’ என்று சொல்லும் வாய்ப்பைக் கொடுத்த பிறகே அனுப்ப முடியும். மார்ச் கடைசி வாரத்து முடிவுகள் பல வெளியாருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. நன்றாக ஆடிய இளைஞர் கீழே போவார், சுமாராக ஆடிய மற்றொருவர் மேலே இருப்பார். இளைஞருக்கு ஆப்ஷன் மிச்சமிருக்கிறது, அவரை இழக்கும் அபாயம் இல்லை. மற்றவருக்குத் தீர்ந்துவிட்டது, அனுப்பினால் போய்விடுவார். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் அணியை நடத்துபவரின் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்வேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இந்த மேலும் கீழுமான பயணத்தைச் சிறுமையாக நினைக்க வேண்டாம். சென்ற ஆண்டு 60 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்து, கேட்சர்களில் எவரும் தொடாத உயரத்தைத் தொட்ட கேல் ராலியை, 2022 பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே மட்டை பேசவில்லை என்று டகோமாவில் உள்ள மைனர் லீக் அணிக்கு அனுப்பினார்கள். சக கேட்சரின் தோள் விலகியதால்தான் அவரைத் திரும்ப அழைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, ஒன்பதாவது இன்னிங்சில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி அவர் அடித்த ஹோம் ரன், சியாட்டிலின் இருபத்தொரு ஆண்டுக் காத்திருப்பை முடித்து அணியைப் பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுசேர்த்தது. அந்தத் தோள் விலகாமல் இருந்திருந்தால் என்ற கேள்விக்கு யாரிடமும் விடையில்லை.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மேல் அணியில் ஒரு பருவத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் இந்த ஆண்டு 7,80,000 டாலர். அதற்கு ஒரே ஒரு படி கீழே உள்ள மைனர் லீக்கில், நாற்பதில் இடம்பெறாத ஆட்டக்காரருக்கு 2023 ஒப்பந்தம் நிர்ணயித்த குறைந்தபட்சம் 35,800 டாலர். சியாட்டிலிலிருந்து டகோமா காரில் ஒரு மணி நேரத் தொலைவுதான். நான் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்தேன். நான்கு நாட்களுக்கு முன் பெரிய மைதானத்தில் வீசிய பிட்சர், சில நூறு பேர் அமர்ந்திருந்த அரங்கின் வேலியோரம் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் வருத்தம் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை.

இலை ஒதுக்கப்படாமல் பல ஆண்டுகள் நிற்பவர்களை வேறு அணிகள் டிசம்பரில் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியும் உண்டு. எடுத்த அணி அவரை அடுத்த பருவம் முழுவதும் மேல் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். 1954-ல் டாட்ஜர்ஸ் அணி மைனர் லீக்கில் மூலையில் உட்காரவைத்திருந்த ஓர் இளைஞரை பிட்ஸ்பர்க் அணி இப்படித்தான் எடுத்துக்கொண்டது. அவர் பெயர் ராபர்ட்டோ கிளெமென்ட்டே. மூவாயிரம் முறை வெற்றிகரமாக அடித்து, ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்.

கிரிக்கெட்டில் உள்ள மறுபரிசீலனை போல ஏதோ இந்த ஆண்டு வருகிறதாமே? — வாசகர், கொளத்தூர்

ஆம். அடிக்கப்படாத வீச்சு எல்லைக்கு வெளியே போனால் ‘பால்’, உள்ளே வந்தால் ‘ஸ்ட்ரைக்’ என்று நடுவர் சொல்வதை எதிர்த்து ஒவ்வோர் அணியும் இரண்டு முறை கேட்கலாம். கேட்டது சரியென்றால் வாய்ப்பு கழியாது. சென்ற ஆண்டு பயிற்சி முகாம்களில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். எனக்குப் பிடித்த அம்சம், கேட்கும் உரிமை மட்டையாளர், பிட்சர், கேட்சர் ஆகிய மூவருக்கு மட்டுமே என்பதும், உடனே தலையைத் தொட்டுக் கேட்டுவிட வேண்டும் என்பதும்தான். கேப்டன் சுற்றிலும் பார்த்து, விக்கெட் கீப்பரிடம் கேட்டு, பதினைந்து விநாடி மாநாடு நடத்தும் காட்சி இங்கே கிடையாது.

ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு அனுப்பிவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் ஃபோரும் அடித்தவர் அவர். பேஸ்பாலிலும் இப்படி நெஞ்சில் ஈரமில்லாமல் நடந்துகொள்வார்களா? — வாசகர், திருவல்லிக்கேணி

உங்களுக்கு ஏற்பட்ட வருத்தம் அவர்களுக்கு அன்றாடச் சோறு. ஐ.பி.எல்.லில் வீரரின் சம்மதம் இல்லாமல் பரிமாற்றம் நடக்காது. பேஸ்பாலில் பெரும்பாலான வீரர்களுக்கு அந்த உரிமை இல்லை. காலையில் ஒரு நகரத்தில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு, மாலையில் வேறொரு நகரத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. 1969-ல் தன்னைக் கேளாமல் செயின்ட் லூயிஸிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை எதிர்த்து கர்ட் ஃப்ளட் என்ற வீரர் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1972-ல் தோற்றார். அவர் தோற்ற பிறகே வீரர்களின் சங்கம் ஒவ்வொன்றாக உரிமைகளைப் பெற்றது. பத்தாண்டு மேல் அணி அனுபவமும், அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியிலும் இருந்தவரை அவர் ஒப்புதலின்றி மாற்றக் கூடாது என்ற விதி அவற்றில் ஒன்று.

உங்கள் ஜடேஜாவுக்கு ஈடாக நான் வைத்திருப்பது இச்சிரோ. 2001-ல் சியாட்டிலுக்கு வந்து, 2004-ல் ஒரே பருவத்தில் 262 முறை வெற்றிகரமாக அடித்து மேஜர் லீக் சாதனை படைத்தவர். 2012 ஜூலை 23 அன்று, அவரே கேட்டுக்கொண்டதன் பேரில், நியூயார்க் யாங்கீஸுக்கு மாற்றப்பட்டார். அன்றைய தினம் யாங்கீஸ் அணி சியாட்டிலில்தான் ஆடிக்கொண்டிருந்தது. அதாவது மனிதர் செய்ததெல்லாம் அதே கட்டடத்துக்குள் ஓர் அறையிலிருந்து எதிரணியின் அறைக்கு நடந்துபோனதுதான். மாலையில் எதிரணிச் சட்டையில் மட்டையோடு வந்து, எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். பிறகு பந்தை அடித்து முதல் தளத்துக்கு ஓடி, அடுத்து, யாரும் அடிக்காமலேயே ஓடி இரண்டாம் தளத்தையும் ‘திருடினார்’. பதிலுக்குச் சியாட்டிலுக்குக் கிடைத்த இரு பிட்சர்களின் பெயரை இன்று மரினர்ஸ் ரசிகர்களிலேயே பலருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் சென்ற ஆண்டு அவருடைய 51 என்ற எண்ணை இனி யாரும் அணியக் கூடாது என்று அணி ஓய்வு கொடுத்தபோது, அந்த யாங்கீஸ் ஆண்டுகளை எவரும் நினைவூட்டவில்லை. சேப்பாக்கத்தில் ஜடேஜா எதிரணிச் சட்டையில் இறங்கும் நாளில் நீங்களும் எழுந்து நின்று கைதட்டுவீர்கள் என்றே நினைக்கிறேன். தொண்டை சற்று அடைக்கலாம்.

ஈரமில்லாமல் நடந்துகொண்டால் பலன் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. சியாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் ராண்டி ஜான்சனை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். 2000 பிப்ரவரியில், அதாவது முகாம் தொடங்கும் நேரத்தில், கென் கிரிஃபி ஜூனியரை சின்சினாட்டிக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு இறுதியில் அலெக்ஸ் ராட்ரிகஸ் 25.2 கோடி டாலருக்கு டெக்சாஸ் போய்ச் சேர்ந்தார். தெய்வம்போல் கொண்டாடப்பட்ட மூன்று பேரை இரண்டரை ஆண்டுகளுக்குள் இழந்த ஓர் அணி, 2001-ல் 116 ஆட்டங்களை வென்று, 1906-ல் சிகாகோ கப்ஸ் ஏற்படுத்திய சாதனையைச் சமன் செய்தது. ஜான்சனுக்கு ஈடாக வந்த ஃபிரெடி கார்சியா அந்த ஆண்டு லீகிலேயே மிகக் குறைந்த ரன் சராசரி கொண்ட பிட்சர். கிரிஃபிக்கு ஈடாக வந்த மைக் கேமரன் அவர் நின்ற இடத்திலேயே நின்று பறந்து பறந்து பிடித்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் நான் சற்றுப் பெருமையோடு சொல்வேன். பிறகு யாராவது ‘அந்த ஆண்டு கோப்பை யாருக்கு?’ என்று கேட்டுவிடுவார்கள். இறுதிச் சுற்றுக்கு முன்பே யாங்கீஸிடம் தோற்றார்கள். இன்று வரை உலகத் தொடர் எனப்படும் அந்த இறுதிச் சுற்றில் ஒருமுறைகூட ஆடாத ஒரே அணி மரினர்ஸ்.

தகுதியுள்ள இளைஞரை வேண்டுமென்றே சில வாரங்கள் மைனர் லீக்கில் வைத்திருந்தால் அணிக்கு ஓர் ஆண்டு லாபம் என்கிறார் அலுவலக நண்பர். நம்புவதா? — வாசகர், வேளச்சேரி

நம்பலாம். ஒரு பருவம் ஏறத்தாழ 187 நாள். அதில் 172 நாள் மேல் அணியில் இருந்தால் அது ஓர் ஆண்டு அனுபவம். இப்படி ஆறு ஆண்டுகள் சேர்ந்த பிறகே வீரர் தன்னை விரும்பும் அணிக்குப் போக முடியும். அப்படியானால், முதல் ஆண்டில் 171 நாளோடு நிறுத்திவிட்டால்? அவர் ஏழாவது ஆண்டும் உங்கள் கையில்.

2015 மார்ச்சில் சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரயன்ட் பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தார், சராசரி .425, அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 425 முறை வெற்றிகரமாக அடிக்கும் விகிதம். மேலே நான் மார்ச் எண்களை நம்பாதீர்கள் என்றேன், ஆனால் இது நம்பாமல் இருக்க முடியாத எண். களத்தடுப்பில் இன்னும் மெருகேற வேண்டும் என்று சொல்லி அவரைக் கீழே அனுப்பினார்கள். ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்தார்கள். அந்தப் பருவத்தில் அவர் கணக்கில் சேர்ந்தவை சரியாக 171 நாட்கள். அவர் தொடுத்த முறையீடு 2020-ல்தான் முடிவுக்கு வந்தது, அதுவும் அவருக்கு எதிராக. இடையில் மனிதர் சிறந்த புதுமுகமாகி, மறு ஆண்டு லீகின் மிகச் சிறந்த வீரராகி, 108 ஆண்டுகள் வறண்டு கிடந்த கப்ஸுக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

எல்லா அணிகளும் செய்ததுதான் இது. எவரும் வாய்விட்டுச் சொல்லாததும்கூட. சொன்னவர் எங்கள் அணியின் தலைவர். 2021 பிப்ரவரியில் ரோட்டரி சங்கக் கூட்டம் ஒன்றில் அவர், ஜாரெட் கெலனிக் என்ற இளைஞர் நீண்ட கால ஒப்பந்தத்தை மறுத்துவிட்டதையும், அவரைப் போன்றவர்களை எப்போது மேலே கொண்டுவருவது என்பதில் இந்த நாள் கணக்கு புகுந்துகொள்வதையும் வெளிப்படையாகப் பேசிவிட்டார். பேச்சின் காணொளி பரவியது, பதவி போயிற்று. என் கருத்தைக் கேட்டால், அவர் இழைத்த தவறு உண்மையைச் சொன்னது அல்ல, அந்த உண்மையை நடைமுறையாக வைத்திருந்தது. இதில் ஒரு முரண் என்னவென்றால், மே மாதம் மேலே வந்த கெலனிக் அந்த ஆண்டு .181 என்ற சராசரியில் தடுமாறினார்; அவருக்கு உண்மையிலேயே இன்னும் காலம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் இனி அதை யார் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

மறு ஆண்டு விதி மாறியது. முதல் நாளிலிருந்தே இளைஞரை மேலே வைத்திருந்து அவர் சிறந்த புதுமுகமானால், அணிக்குக் கூடுதலாக ஓர் இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பரிசாகக் கிடைக்கும். 2022-ல் இருபத்தொரு வயது ஜூலியோ ராட்ரிகஸை மரினர்ஸ் முதல் நாளே களத்தில் இறக்கியது, அவர் சிறந்த புதுமுகமானார், 2023 தேர்வில் பரிசும் வந்து சேர்ந்தது. ஓராண்டு இடைவெளியில் அதே அணி, அதே மைதானம். மனம் திருந்தியதா, கணக்கு மாறியதா என்பதை உங்கள் நண்பரிடமே கேட்டுப் பாருங்கள்.

70 கோடி டாலருக்கு ஒட்டானியை வாங்கிய டாட்ஜர்ஸ்தானே இரண்டு ஆண்டுகளாகக் கோப்பையை வெல்கிறது? இதில் திறமைக்கு என்ன வேலை? — வாசகர், தாம்பரம்

ஐ.பி.எல்.லில் 2025 ஏலத்துக்கு ஓர் அணியின் பை 120 கோடி ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவிட முடியாது. பேஸ்பாலில் அப்படிப்பட்ட பூட்டு இல்லை. சென்ற ஆண்டுக் கணக்கில் 24.1 கோடி டாலரைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். கட்ட முடிந்தவர்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஒட்டானியின் 70 கோடியில் 68 கோடியைப் பத்தாண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டதால், இப்போது ஆண்டுக்கு அவர் பெறுவது 20 லட்சம் டாலர்தான். இது விதிக்கு உட்பட்டது என்றாலும், எனக்கு ஒப்பவில்லை.

ஆனாலும் பணம் ஒன்றே போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன். ஹுவான் சோட்டோவை 76.5 கோடிக்கு எடுத்த நியூயார்க் மெட்ஸ் சென்ற ஆண்டு பிளேஆஃப் சுற்றுக்கே வரவில்லை. சிக்கனத்துக்குப் பேர்போன மில்வாக்கி 97 வெற்றிகளுடன் எல்லோரையும் முந்தியது. அக்டோபரில் அதே டாட்ஜர்ஸிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் சுருண்டது என்பது தனிச் சோகம். அந்தத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் ஒட்டானி ஆறு இன்னிங்சில் பத்துப் பேரை ஸ்ட்ரைக்காலேயே வெளியேற்றி, மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். அதைப் பார்த்த பிறகு விலையைப் பற்றி வாய் திறக்கக் கூசியது.

இருந்தாலும் டொரொன்டோவுக்கு எதிரான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்சில் ஒரு ரன் பின்தங்கி நின்றபோது டாட்ஜர்ஸைக் காப்பாற்றியது ஒட்டானி அல்ல. தற்காப்புக்காக வைத்திருந்த, மட்டைக்குப் பெயர்போகாத, முப்பத்தாறு வயது மிகெல் ரோஹாஸ் அந்த ஹோம் ரன்னை அடித்தார். அதே இன்னிங்சின் இரண்டாம் பாதியில் தடுமாறிக்கொண்டே பந்தை எடுத்து வீசி, தோல்வியாக முடிந்திருக்க வேண்டிய ஓட்டத்தையும் அவரே தடுத்தார். பணக்கார அணிக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை உச்சியில் தேடுகிறார்கள். நான் பட்டியலின் அடியில் தேடுகிறேன். இருபத்தாறாவது நாற்காலியிலும் ரோஹாஸ் போன்றவரை உட்காரவைக்க முடிவதுதான் டாட்ஜர்ஸின் செல்வம்.

இதே டொரொன்டோவிடம் அதற்கு முந்தைய தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 3–1 என்று முன்னிலையில் இருந்த மரினர்ஸ், ஏழாவது இன்னிங்சில் ஜார்ஜ் ஸ்பிரிங்கரின் ஒரே அடியில் கோட்டைவிட்டது. நமக்கு அது தீபாவளிக்கு மறுநாள் காலை. தட்டில் இருந்த அதிரசம் அப்படியே இருந்தது.

சிறந்த வீரர் விருதை ராலிக்குக் கொடுக்காமல் ஆரன் ஜட்ஜுக்குக் கொடுத்தது சரியா? — வாசகி, அண்ணா நகர்

முதலிட வாக்குகள் 17–13. ஜட்ஜ் .331 சராசரியுடன் 53 ஹோம் ரன் அடித்தவர். அவருக்குக் கொடுத்ததை அநியாயம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகளுக்குக் குந்தி உட்கார்ந்து எழுந்தவரின் 60-ஐ, வெளிக்களத்தில் நின்றவரின் 53-உடன் வெறும் எண்ணாக வைத்துப் பார்க்கக் கூடாது. என் வாக்கு ராலிக்கே. சாய்வைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

இந்தியர் எவராவது அங்கே ஆடியிருக்கிறார்களா? எனக்கு 14 வயது. எப்படிப் பார்க்கத் தொடங்குவது? — மாணவர், சைதாப்பேட்டை

ஆடியிருக்கிறார்கள், ஆனால் மேல் அணியில் அல்ல. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரு இளைஞர்களை, வேகமாகப் பந்தெறியும் போட்டி ஒன்றின் வழியாகக் கண்டெடுத்து, 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. இவர் கொல்கத்தாவுக்கு ஆடும் ரிங்கு சிங் அல்லர். இருவரும் மறு ஆண்டு மைனர் லீக்கின் அடிப்படியில் ஆடினார்கள். தினேஷ் விரைவில் ஊர் திரும்பினார்; ரிங்கு சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து, முழங்கைக் காயங்களுக்குப் பிறகு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். கையில் வலு இருந்தும் ஏன் முடியவில்லை என்றால், டொமினிக்கன் குடியரசில் எல்லா அணிகளும் பயிற்சிக்கூடம் வைத்துப் பதினாறு வயதிலேயே ஒப்பந்தம் செய்கின்றன. அந்தப் பிள்ளைகள் அதற்குள் பல்லாயிரம் பந்துகளை எறிந்தும் அடித்தும் முடித்திருப்பார்கள். இவர்கள் இருவரும் பேஸ்பால் உருண்டையைக் கையில் எடுத்ததே அதற்குப் பிந்தைய வயதில்.

நீங்கள் பார்க்கத் தொடங்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன். சியாட்டிலில் மாலை 6.40 ஆட்டம் நமக்கு மறுநாள் காலை 7.10-க்கு வரும், பள்ளி நாட்களில் வேண்டாம், கோடை விடுமுறையில் பாருங்கள். பெரிய பெயர்களை விடுங்கள், அவர்கள் எப்போதும் இருப்பார்கள். மார்ச் கடைசியில் வெளியாகும் 26 பேர் பட்டியலில் நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் எந்தத் தேதியில் பட்டியலிலிருந்து மறைகிறது, யாருக்குக் காயம்பட்ட நாளில் திரும்ப வருகிறது, மீண்டும் எப்போது போகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். என் சென்ற ஆண்டு நோட்டில் ஒரு பெயருக்கு எதிரே மட்டும் ஒன்பது தேதிகள் இருக்கின்றன.